சின்ன மாத்திரை, பெரிய மாத்திரை

கோழி வளர்க்கிறவர்களிடம் விளையாட்டுக்குக்கூட யோசனை சொல்லக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. என் வாய்க்காகப் பட்டது நான் இல்லை, இன்னொருவர். அதனால்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்போது நான் ஒரு கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர். குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். ஷெட்டும் உழைப்பும் வளர்க்கிறவருடையது. நாற்பது நாளில் லாரி வந்து கோழிகளை அள்ளிக்கொண்டு போய்விடும். இடையில் வாரம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் போய் எடை போட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நாலு குறை சொல்லிவிட்டு வருவது என் வேலை. மொத்தம் இருபத்தாறு ஷெட். என் சட்டையை வீட்டில் மற்ற துணியோடு சேர்த்து ஊறவைக்க மாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஜன்னலைத் திறந்துவிடுவார். பழகிவிட்டது.

அந்த இருபத்தாறில் ஒன்று தராசு அண்ணனுடையது. லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை. கடையில் வாங்கிய வெங்காயத்தை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பார். சோப்புக்கட்டியை நிறுப்பார். அண்ணே எப்படி இருக்கீங்க என்று கேட்டால், காலையில் பிடித்துப் பார்த்த பத்துக் குஞ்சுகளின் சராசரியைச் சொல்வார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இருவர் மட்டும் நாலாயிரம் குஞ்சுகளோடு குடித்தனம் பண்ணினார்கள்.

குடித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் நேராக ஷெட்டு. இருநூறடி நீளம், தகரக்கூரை, இரண்டு பக்கமும் கம்பி வலை, காற்றடித்தால் இறக்கிவிடச் சாக்குத் திரை. தரையெல்லாம் மரத்தூள். அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில், தலையணையில், சாமான் அலமாரியில் எல்லாம் படிந்திருக்கும். அக்கா பேசிக்கொண்டே விரலால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்த இடத்தில் மறுபடி படியும்.

முந்தின இரண்டு பேட்சும் எடை குறைந்துபோனது. ஒரு தடவை வெயில், ஒரு தடவை சளி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாவதும் இப்படி என்றால் அந்த ஷெட்டுக்கு இனிமேல் குஞ்சு இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியதும் நான்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். எடை மேடையில் இப்போது ஆளே கிடையாது, எல்லாம் இயந்திரம். ஐம்பத்தேழு வயதில் அவர் வேறு எங்கே போவார்?

அக்காதான் கேட்டார்.

"குஞ்சு இல்லேன்னா இவ்வளவு பெரிய ஷெட்டை வச்சிக்கிட்டு என்ன பண்றது தம்பி? துணி காயப்போடறதா?"

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

மூன்றாவது பேட்ச் இறங்கிய ஏழாம் நாள் போனேன். கூடையில் பத்துப் பத்தாகப் பிடித்துப் போட்டு எடை பார்த்தோம். சராசரி நூற்றெழுபது கிராம். பரவாயில்லை. ஆனால் ஷெட்டின் வீட்டுப்பக்கத்து மூலையில் தகரத்தை வளைத்துக் கட்டி, அக்கா தொண்ணூறு குஞ்சுகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். அதெல்லாம் எண்பது கிராம்கூட இல்லை. பல்புக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றுகொண்டிருந்தன. இந்த மாதிரி நோஞ்சான்களை ஏழாம் நாளே கழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. கழிப்பது என்றால் கழுத்தைத் திருகுவது. அதையும் சூப்பர்வைசர்தான் செய்ய வேண்டும்.

தொண்ணூறைக் கழித்தால் எண்ணிக்கையில் அடிபடும், விட்டுவைத்தால் சராசரியில் அடிபடும் என்று அண்ணன் வழக்கம்போலக் கணக்குச் சொன்னார். அக்கா என் கைக்கும் தகரத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ஒரு ரெண்டு வாரம் குடுங்க தம்பி. நான் தேத்திக் காட்டுறேன்."

எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஷெட் பாக்கி. தொண்ணூறு கழுத்தைத் திருகத் தெம்பும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். கருணை என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம், சோம்பல்தான்.

அக்கா டீ கொண்டுவந்தார். அவரை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. போன வருஷம் மூட்டுவாதம் வந்து கைவிரலெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளக்கூட முடியாமல் கஷ்டப்பட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்த பிறகு விரல் மடங்கியது, வாளி தூக்கினார். அதோடு ஆளும் மாறிப்போனார். ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பி, முகம் வட்டமாகப் பளபளவென்று ஆகியிருந்தது.

அண்ணன் தீனி மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, ஏறு ஏறு என்றார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி நின்றார். அறுபத்து மூன்று. போன வருஷம் ஐம்பத்தொன்று என்று அண்ணன் எனக்கு எடுத்துச் சொன்னார். ஏதோ தன் கையால் வளர்த்த மாதிரி ஒரு பெருமை.

"இந்த வீட்ல எடை ஏறுனது நான் ஒருத்திதான்," என்றார் அக்கா.

என் நாக்கில்தான் சனி. சும்மா டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"அப்ப நீங்க சாப்பிடறதையே அதுங்களுக்கும் கொஞ்சம் போடுங்க அக்கா. பத்தே நாள்ல தேறிடும்."

மூன்று பேரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பதினான்காம் நாள் போனபோது பெரிய கூட்டம் நன்றாக இருந்தது. நானூறைத் தாண்டிவிட்டது. அண்ணன் முகத்தில் வெளிச்சம். தகரத் தடுப்புக்குள் போய்க் காலை வைத்தேன், செருப்பு சதக்கென்று பதிந்தது. மரத்தூள் முழுக்க ஈரம். குஞ்சுகள் தண்ணீர்க் குடுவையை விட்டு நகரவில்லை, குடித்துக்கொண்டே இருந்தன. தீனியும் நன்றாக எடுக்கின்றன என்றார் அண்ணன். ஒன்றைக் கையில் எடுத்தேன். வயிறு உருண்டையாக இருந்தது. எடை போட்டால் நூற்று இருபது. ஏழு நாளில் நாற்பது கிராம்! தின்பதெல்லாம் எங்கே போகிறது?

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. குடுவை ஒழுகுகிறது, இதைக்கூடப் பார்க்க மாட்டீர்களா என்று அண்ணனைக் கடிந்துகொண்டேன். அவர் பாவம், ஒழுகாத குடுவையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு மூன்று குஞ்சுகள் கால் அகட்டி உட்கார்ந்திருந்தன. காலுக்குத் தாது உப்புக் குறைவுதான் காரணம் என்று எடுத்துவிட்டேன். வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு குறைந்தாலும் எலும்பு நிற்காது, தீனியில் இருப்பது இதுகளுக்குப் போதவில்லை, மினரல் பொடி இரண்டு கிலோ அனுப்புகிறேன் என்றேன். சூப்பர்வைசர் என்றால் போகிற இடத்தில் எதையாவது சொல்லியாக வேண்டும் அல்லவா?

"காலுக்கு நான் ஏற்கெனவே போட்டுக்கிட்டுதானே இருக்கேன்," என்றார் அக்கா. "ஆஸ்பத்திரில பெரிசா ஒரு வெள்ளை மாத்திரை தருவாங்க. சுண்ணாம்பு மாத்திரை. அதை இடிச்சுத் தீனில கலந்துடுவேன். இப்ப இல்ல, ஒரு வருஷமாவே நோஞ்சான் எல்லாத்துக்கும் அதுதான்."

"உங்களுக்குக் குடுத்ததை ஏன்கா அதுங்களுக்குப் போடறீங்க?"

"எனக்கு இனிமே வளர என்ன இருக்கு?"

அதற்கும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் எதற்குத்தான் சிரிக்கவில்லை? அக்கா டீத் தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக் கொடுத்ததைக் கவனித்தேன். விரல்கள் மறுபடி வீங்கியிருந்தன. கேட்டதற்குக் குளிர்காற்று என்றார். காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி என்று அண்ணன் சொன்னார். சாப்பிடச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். தீனி மூட்டைமேல் உட்கார்ந்தபடியே அக்கா கையை ஆட்டினார். உட்கார்ந்து அவர் யாரையும் வழியனுப்பி நான் பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை அண்ணன் போன் பண்ணினார். மூன்று நாளாக ஷெட்டு முழுக்கத் தும்மல். பெரிய கூட்டம் தும்மிவிட்டுத் தேறிக்கொண்டது. தடுப்புக்குள் மட்டும் கொத்துக் கொத்தாகச் சாகிறது. விடிந்ததும் எண்ணினால் நாற்பத்தொன்பது. வியாதி தகரத்தைத் தாண்டி வந்தால் என்ன ஆவது என்று கேட்டார். தாண்டினால் அந்த ஷெட்டுக்கு அதுதான் கடைசி பேட்ச்.

பதினோரு மணி வெயிலில் போய் இறங்கினேன். வேலிப் பக்கம் ஒரு காலிச் சாக்கை விரித்து, செத்த குஞ்சு ஒன்றை மல்லாத்திக் கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தேன். அண்ணன் எதிரில் குந்தியிருந்தார். அக்கா பின்கதவுப் படியில் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நூற்றைம்பது கிராம் குஞ்சு. மார்பில் சதையே இல்லை, எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் வயிற்றுக்குள் மஞ்சளாகக் கொழுப்பு அப்பிக் கிடந்தது, கிழக்கோழிக்கு இருப்பதுபோல. ஈரல் வெளுத்து மெழுகாக இருந்தது. எச்சம் போகிற இடத்துக்கு மேலே குஞ்சுக்கு ஒரு சின்னப் பை இருக்கும். நோயை எதிர்க்கிற சக்தியெல்லாம் அங்கேதான் ஊறும். மொச்சைக்கொட்டை அளவு இருக்க வேண்டியது மிளகு அளவு சுருங்கிக் கிடந்தது. தொடை எலும்பை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். நல்ல எலும்பு என்றால் பட்டென்று சத்தம் வரும். இது ஈரக் குச்சி மாதிரி சத்தமில்லாமல் ஒடிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சியில், இதே மாதிரி ஒன்றை அறுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்த குஞ்சு. ஆடு மாடு பெருக்க ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு யாராவது கையில் கிடைத்த ஸ்டீராய்டை வாங்கிக் குஞ்சுக்குப் போடுவார்கள். இந்த வகை சதையைக் கரைத்துக் கொழுப்பாக்கிவிடும், தின்னத் தின்ன வளராது, எலும்பு நிற்காது, சின்னச் சளிக்கே செத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷப் பழக்கம், நல்ல மனுஷன், எல்லாம் மறந்துபோயிற்று. எவன் பேச்சைக் கேட்டு எந்தக் கடையில் என்ன மருந்து வாங்கிப் போட்டீர்கள் என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். மகள்மேல் சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. பொய் சொல்லாதீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"அவரைத் திட்டாதீங்க," என்றார் அக்கா. "நான்தான் போட்டேன்."

இருவரும் திரும்பினோம்.

"என்ன போட்டீங்க?"

"சின்ன மாத்திரை. மூட்டுவலிக்குத் தர்றது. காலைல ரெண்டு, சாயந்திரம் ரெண்டு, தண்ணில கரைச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்கதானே தம்பி சொன்னீங்க, நான் சாப்பிடறதைப் போடுங்கன்னு. நான் சாப்பிடற சோறு எல்லாரும் சாப்பிடற சோறுதான். முப்பது வருஷமா சாப்பிட்டும் ஒரு பிடி சதை போடலை. ஏறுனது அந்த மாத்திரைலதான். அப்ப எதைப் போடணும்?"

அவர் யோசித்ததில் ஓட்டையே இல்லை.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து, பாக்கறவங்க எல்லாம் ஏன் இப்படி இருக்கே, சாப்பிடறியா இல்லையான்னுதான் கேப்பாங்க. நாத்தனார் வந்தா என் கையைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாப்பா. இந்த ஒரு வருஷம்தான் நல்லா இருக்கே, நல்லா இருக்கேன்னாங்க. எனக்குக் குடுத்தது அதுங்களுக்குக் குடுக்காதா?"

எனக்கு வேறு ஒன்று உறைத்தது. ஒரு நாளைக்கு நாலு என்றால், மாதத்துக்குக் கொடுத்த மாத்திரை எத்தனை நாள் வரும்?

"அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எங்கேருந்து மீதி இருக்கும்? அடுத்த மாசம் தரும்போது சாப்பிட்டுக்கறேன். ஒரு மாசம் வலி பொறுத்துக்க மாட்டேனா?"

பதினோரு நாள். தினமும் சாப்பிடுகிற ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும் என்பது கோழி மருந்து படித்த எனக்கே தெரியும். வீங்கிய விரலும் வாந்தியும், மூட்டைமேல் உட்கார்ந்து கையாட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். பெரிய கூட்டத்துக்குத் தண்ணீர் வைக்கவில்லை, வைத்துவிட்டு வருகிறேன் என்று அக்கா எழுந்தார். கம்பத்தைப் பிடித்த கை நழுவியது. முழங்கால் மடிந்து, வலது கையைத் தரையில் ஊன்றி விழுந்தார். அதிகமில்லை, ஒரு படி உயரம். கை மணிக்கட்டில் கோணிக்கொண்டது. சத்தமே வரவில்லை.

என் இடது கையில் அந்தக் குஞ்சின் எலும்பு இன்னும் இருந்தது. அதைச் சாக்கில் போட்டுவிட்டு ஓடினேன்.

தீனி இறக்க வந்திருந்த வேன் அடுத்த ஷெட்டில் நின்றது. அதில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணன் மடியில் அக்காவின் தலை. அண்ணன் ஒரு கையை அவர் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். கன்னம் உப்பித்தான் இருந்தது. கைகால் மட்டும் குச்சி. இத்தனை நாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், கையைக் காலைப் பார்க்கவில்லை.

ஊசி வழியாக அதே மருந்தை ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவரும் களைத்துப்போயிருந்தார், வெளியே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கை எலும்பு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பெரிய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று கேட்டார்.

"அதைக் கோழிக்குப் போட்டுட்டாங்க டாக்டர்," என்றார் அண்ணன்.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். படத்தை உறைக்குள் போட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"முகத்துல வந்தது சதை இல்லைங்க. அந்த மருந்து முகத்துலயும் வயித்துலயும் கொழுப்பை ஏத்தும். கைகால்லேருந்து சதையை எடுத்துடும். எலும்பை அரிக்கும். அரிக்காம இருக்கத்தான் பெரிய மாத்திரை."

"தராசுல ஏறுச்சே டாக்டர்," என்றார் அண்ணன்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"நாலாயிரம் குஞ்சுக்குத் தீனில எத்தனை கிலோ சுண்ணாம்புச் சத்து போகுதுன்னு கேளுங்க, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன் தம்பி. இவளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாது."

நான்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவர் என் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் போய்த் தடுப்பில் மிச்சமிருந்த நாற்பத்தொன்றையும் நானே கழித்தேன். ஏழாம் நாள் செய்ய வேண்டிய வேலை. குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடினோம். மரத்தூளை அள்ளிக் கொளுத்தினோம். பெரிய கூட்டத்தில் ஐந்தைப் பிடித்து அறுத்துப் பார்த்தேன். எலும்பு பட்டென்று ஒடிந்தது, ஒரு குறையும் இல்லை. மாத்திரை கரைத்த தண்ணீர் தடுப்பைத் தாண்டவில்லை என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் அக்கா சொன்னது சரிதான். அன்றைக்கு அண்ணன் எதையும் எடை போடவில்லை.

கம்பெனிக்கு எழுத வேண்டிய தாளில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வளர்ப்பவர் தானாக மருந்து கொடுத்தார் என்று எழுதினால், அந்த ஷெட்டின் கதை அன்றோடு முடிந்தது. சளி என்று எழுதித் தள்ளிவிடவும் வழி இருந்தது, ஆனால் என்ன கொடுக்கப்பட்டது என்பதை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது மனிதர் தின்கிற பொருள். ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, என்ன மருந்து, எத்தனை நாள், எத்தனை குஞ்சு, எல்லாம் புதைத்தாயிற்று என்று எழுதி, சூப்பர்வைசர் சொன்ன யோசனையால் கொடுக்கப்பட்டது என்று முடித்தேன். வீரம் ஒன்றும் இல்லை. நடந்தது அதுதான்.

மேனேஜர் போனில் உனக்கென்ன மூளை குழம்பிவிட்டதா என்று கேட்டார். அப்புறம் என்னை ஷெட் வேலையிலிருந்து எடுத்துக் குஞ்சு பொரிக்கும் இடத்துக்கு மாற்றினார். நாள் முழுக்க நின்றபடி ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பார்த்துப் பிரித்துப் போடும் வேலை. தராசு அண்ணனின் கூட்டம் நல்ல எடையில் லாரி ஏறியது. நாலாவது பேட்ச் இறங்கியது. ஏன் இறங்கியது என்று அவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

என் இடத்துக்கு வந்த ஆளுக்கு ஷெட்டுகளைக் காட்டிக் கொடுப்பதற்காகக் கடைசியாக ஒரு நாள் போனேன். அங்கே அன்று ஏழாம் நாள். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள், அக்காவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. சின்ன மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்களாம். உப்பியிருந்த கன்னம் வடிந்து, தாடை எலும்பு தெரிந்தது. பழைய அக்கா, அதைவிட நாலு வயசு கூடின அக்கா. எடை போடும் இடத்தில் அண்ணன் பாதியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், பெரிய மாத்திரையை இரண்டாக உடைத்து ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அக்கா முழுங்கி முடிக்கும்வரை தண்ணீர்த் தம்ளரோடு பக்கத்திலேயே நின்றார்.

தகரத் தடுப்பு காலியாக இருந்தது. அக்கா ஒரு கூடையில் பதினேழு நோஞ்சான்களை எடுத்து வைத்திருந்தார். புது ஆளிடம் நீட்டி, இதுகளைக் கொண்டுபோங்கள், இங்கே செய்ய வேண்டாம், சத்தம் கேட்காத இடத்தில் செய்யுங்கள் என்று சொன்னார்.

புது ஆள் நல்ல பையன்தான். வாங்கிக்கொண்டான். வந்த வீட்டில் நாலு வார்த்தை கலகலப்பாகப் பேச வேண்டும் என்று நினைத்தான்போல. நானும் அப்படித்தானே நினைத்தேன்?

"என்னம்மா, குஞ்சை விட நீங்க நோஞ்சானா இருக்கீங்க? கோழித் தீனியையாவது எடுத்துச் சாப்பிடுங்க," என்றான்.

அண்ணன் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. எனக்கு முகம் சுட்டது. அவனை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"அதுங்க தீனில கலந்த மாத்திரையைத்தான் சாப்பிடறேன் தம்பி, ரெண்டு மாசமா," என்றார் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். கோணல் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. ரொம்ப இளைச்சிட்டேனா? பாக்க நல்லாவே இல்லையா?"

இந்த மனுஷி என் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்புவார் என்று எனக்குத் தெரியும். குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், மறுபடி முகத்தைப் பார்த்தேன்.

"இளைச்சிருக்கீங்க அக்கா," என்றேன். "நல்லா இருக்கீங்க."

அந்த வீட்டில் நான் யோசித்துப் பேசியது அது ஒன்றுதான்.